ஏரிக்குள் எத்தனை கன அடி? அளவைப் புள்ளிகளிலிருந்து தரையின் வடிவம்

செம்பரம்பாக்கத்தில் நீர்மட்டம் இத்தனை அடி, இருப்பு இத்தனை மில்லியன் கன அடி என்று மழைக்காலத்தில் தினமும் செய்தி வருகிறது. முழு உயரம் 24 அடி, முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. இதில் அன்றாடம் அளக்கப்படுவது அடி மட்டுந்தான். அளவுகோலில் நீர் எங்கே நிற்கிறது என்று பார்த்து, ஓர் அட்டவணையில் அதற்கு நேரே எழுதியிருக்கும் கொள்ளளவைப் படித்துச் சொல்கிறார்கள். அந்த அட்டவணையைத் தயாரிக்க ஏரியின் தரை முழுவதையும் ஒருமுறையாவது அளந்திருக்க வேண்டும். அளந்த புள்ளிகளை இணைத்துத் தரையின் வடிவத்தைக் கட்ட வேண்டும். பிறகு ஒவ்வொரு மட்டத்துக்கும் எவ்வளவு நீர் பிடிக்கும் என்று கணக்கிட வேண்டும்.

அந்த வடிவத்தைக் கணினியில் கட்டுவதுதான் டிஜிட்டல் டெரெய்ன் மாடல், சுருக்கமாக டி.டி.எம். எம்.ஐ.டி.யில் சார்லஸ் மில்லரும் லாஃப்ளாமும் 1958இல் சாலை வடிவமைப்புக்காக முன்வைத்த யோசனை இது. இன்று எந்த சிவில் மென்பொருளிலும் நாலு கிளிக்கில் முடிகிற வேலை. சிக்கலே அங்கேதான். நீங்கள் எந்தப் புள்ளிகளைக் கொடுத்தாலும் மென்பொருள் ஒரு பரப்பைக் கட்டிக் கொடுத்துவிடும். இந்தப் புள்ளிகள் போதாது என்று ஒருபோதும் சொல்லாது. மாதிரி சரியா தவறா என்பது ஏரிக்குள் கோலைப் பிடித்தவர் எங்கே பிடித்தார் என்பதிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

பேச்சுக்கு 100 ஹெக்டேர் நீர்ப்பரப்புள்ள ஒரு கிராமத்து ஏரியை எடுத்துக்கொள்வோம். எல்லா மட்டங்களிலும் ஒரே திசையில் 10 சென்டிமீட்டர் பிழை இருந்தால் கொள்ளளவில் 1,00,000 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 3.5 மில்லியன் கன அடி தவறு. இங்கொன்றும் அங்கொன்றுமாக 10 சென்டிமீட்டர் கூடவும் குறையவும் இருந்தால் பெரும்பகுதி ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். எனவே ஏரி அளவையில் முதலில் பயப்பட வேண்டியது ஒரே பக்கம் சாயும் பிழைக்கு. அது நுழையும் முதல் வாசல் பெஞ்ச் மார்க், அதாவது மட்டம் முன்பே தெரிந்த நிலையான குறி.

நம் நாட்டின் மட்டங்களுக்கு அடிப்படை 1909இல் முடிவான உயரத் தளம். ஒன்பது துறைமுகங்களின் கடல்மட்டத்தைச் சராசரி பார்த்து வகுத்தது; அவற்றில் சென்னையும் நாகப்பட்டினமும் உண்டு. சர்வே ஆஃப் இந்தியாவின் ஜி.டி.எஸ். பெஞ்ச் மார்க்குகள் இந்தத் தளத்தைச் சேர்ந்தவை. அருகில் உள்ள ஒன்றிலிருந்து, மட்டம் பார்க்கும் கருவியான ஆட்டோ லெவலால் மட்டத்தைக் கடத்திக்கொண்டு ஏரிக்கு வந்து, திரும்பவும் கிளம்பிய இடத்துக்கே போய் மூட வேண்டும். மூடும்போது வரும் வேறுபாடு, மொத்தத் தூரம் கிலோமீட்டரில் எவ்வளவோ அதன் வர்க்கமூலத்தை 12ஆல் பெருக்கினால் கிடைக்கும் மில்லிமீட்டருக்குள் இருப்பது நல்லது. 4 கிலோமீட்டர் சுற்றென்றால் 24 மி.மீ. ஏரிக்கு வந்ததும் மதகுச் சுவர், மிகைநீர் வழியும் கலங்கலின் ஓரச் சுவர், கரைமேல் ஊன்றிய ஒரு கான்கிரீட் கல் என்று குறைந்தது மூன்று இடங்களிலாவது தற்காலிகப் பெஞ்ச் மார்க் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றை வைத்து ஓட்டினால், யாராவது அந்தக் கல்லைப் பெயர்த்து வைத்தாலும் தெரியாது.

ஜி.பி.எஸ். கருவி இருக்கும்போது எதற்கு இந்த நடை என்று கேட்பவர்கள் உண்டு. செயற்கைக்கோள் தரும் உயரம் கடல்மட்டத்திலிருந்து அளந்ததல்ல. பூமிக்குக் கணிதமாக வகுத்த ஒரு நீள்வட்டப் பரப்பிலிருந்து அளந்தது. தமிழ்நாட்டில் கடல்மட்டம் அந்தப் பரப்புக்குக் கீழே 80 முதல் 100 மீட்டர் வரை தாழ்ந்து கிடக்கிறது. உலகிலேயே மிக ஆழமான அத்தகைய பள்ளம், சுமார் 106 மீட்டர், நமக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில்தான் இருக்கிறது. அதனால் மெரினாவில் கருவியை வைத்தால் உயரம் கழித்தல் குறியோடு வரும். ஈ.ஜி.எம். 2008 போன்ற உலகளாவிய கடல்மட்ட மாதிரியைக் கருவிக்குள் ஏற்றிக்கொண்டால் இந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி சரியாகிவிடும். அப்படியும் உள்ளூர் பெஞ்ச் மார்க்கோடு சில பத்து சென்டிமீட்டர் ஒத்துப்போகாமல் நிற்கலாம். ஏரியைச் சுற்றி மூன்று நான்கு தெரிந்த மட்டங்களில் கருவியை வைத்துப் பார்த்து அந்த மிச்சத்தையும் நீக்கிய பிறகே ஆர்.டி.கே. முறையில் (தெரிந்த இடத்தில் நிறுத்திய இன்னொரு ஜி.பி.எஸ். கருவியின் திருத்தத்தோடு உடனுக்குடன் அளப்பது) புள்ளி எடுக்கத் தொடங்கலாம். அந்தச் சரிசெய்தலைச் செய்யாமல் எடுத்த ஆர்.டி.கே. மட்டங்கள் ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போகும். மதகின் மட்டத்தோடு மட்டும் ஒத்துப்போகாது.

இனி புள்ளி. 20 மீட்டருக்கு ஒன்று என்று கட்டம் போட்டு எடுப்பது பழக்கம். ஒப்பந்த ஆவணமும் பல நேரம் அப்படித்தான் கேட்கும். 100 ஹெக்டேருக்கு 2,500 புள்ளி. கட்டம் தேவைதான், ஆனால் அது ஏரியின் நடுவே உள்ள சமதரைக்கு மட்டும் போதுமானது. தரை எங்கே மடிகிறதோ அங்கே கட்டத்தைப் பார்க்கக் கூடாது. மடிப்பை ஒட்டி நடக்க வேண்டும். கரை என்றால் குறைந்தது நான்கு கோடுகள்: உச்சியின் இரு விளிம்புகள், உட்சரிவின் அடி, வெளிச்சரிவின் அடி. உச்சி 3 மீட்டர்தான் அகலம் என்றால் 20 மீட்டர் கட்டத்தில் கரை சிக்கவே சிக்காது. நேரான இடத்தில் 30 மீட்டருக்கு ஒரு வரிசை, வளைவில் 10 மீட்டருக்கு ஒன்று. உட்சரிவின் அடியை ஒட்டி, கரை உயர்த்த மண் எடுத்த பள்ளங்கள் வரிசையாகக் கிடக்கும். பல ஏரிகளில் ஆழமான இடமே அதுதான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் விளிம்பைச் சுற்றி ஒரு கோடு, அடியைச் சுற்றி இன்னொன்று. வரத்துக் கால்வாய் ஏரிக்குள் நுழைந்து எவ்வளவு தூரம் வரி போட்டுக்கொண்டு போகிறதோ அதுவரை இரு கரை, இரு அடி. மதகின் வாய்மட்டம், கலங்கலின் உச்சி மட்டம் இரண்டையும், கோணத்தையும் தூரத்தையும் சேர்த்து அளக்கும் டோட்டல் ஸ்டேஷனை நம்பாமல் லெவலாலேயே எடுப்பது நல்லது. கொள்ளளவு அட்டவணையின் அடியும் தலையும் அவைதான்.

டோட்டல் ஸ்டேஷனில் மட்டம் கெடுவதற்கு முதல் காரணம் பிரிசத்தின், அதாவது கோலின் தலையில் கருவியின் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடியின், உயரம். கோல் 1.5 மீட்டரில் நிற்கிறது. நடுவில் ஒரு சீமைக்கருவேலம் மறைக்கிறது. கோல் பிடிப்பவர் 2.1க்கு உயர்த்துகிறார், கருவியில் நிற்பவருக்குச் சொல்லவில்லை. அந்த நிமிடத்திலிருந்து எடுத்த எல்லாப் புள்ளிகளும் 60 சென்டிமீட்டர் மேலே போய்விடும், தரையில் இல்லாத ஒரு மேட்டை உண்டாக்கும். கோலின் உயரம் மாறும்போதெல்லாம் உரக்கச் சொல்லி, கேட்டவர் திருப்பிச் சொல்லும் வழக்கத்தை அளவைக்குழு வைத்துக்கொண்டால் பாதி வம்பு குறையும். இரண்டாவது, கோலின் கூர்முனை வண்டலில் இறங்குவது. ஈர வண்டலில் 5, 10 சென்டிமீட்டர் சாதாரணமாக இறங்கும், அதுவும் எல்லாப் புள்ளியிலும் ஒரே பக்கமாக. முனையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டு மாட்டினால் தீர்ந்தது. காய்ந்த ஏரியில் வெடிப்புக்குள் முனை இறங்குவதும் இதே கதைதான்.

கோணப் பிழை அவ்வளவு பெரிய எதிரி அல்ல. கோணத்தில் 5 நொடி (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு ஒரு நொடி) துல்லியமுள்ள கருவியில் 300 மீட்டர் தூரத்துக்கு 7 மில்லிமீட்டர்தான் வரும். பூமியின் வளைவும் ஒளிவிலகலும் சேர்ந்து 300 மீட்டரில் 6 மி.மீ., 1 கிலோமீட்டரில் 67 மி.மீ.; திருத்தம் கருவியில் அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். சித்திரை வெயிலில் நண்பகலில் தரையையொட்டிக் காற்று கொதிக்கும்போது பிரிசம் ஆடுவதுபோல் தெரியும். நீண்ட பார்வைகளைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. ஒவ்வொரு முறை கருவியை மாற்றி நிறுத்தும்போதும் முந்தைய நிலையத்தில் எடுத்த இரண்டு மூன்று புள்ளிகளைத் திரும்ப எடுக்க வேண்டும். மட்டம் 2 சென்டிமீட்டருக்கு மேல் விலகினால் அங்கேயே நிறுத்தி, பேக்சைட்டை, அதாவது திசை பிடித்த தெரிந்த புள்ளியை, மறுபடி பாருங்கள். அலுவலகம் போய்க் கண்டுபிடித்தால் ஏரிக்குத் திரும்ப வருவதுதான் ஒரே வழி.

இரண்டு கருவிகளையும் கலந்து பயன்படுத்தும்போது கிடைத்தளத்திலும் ஒரு பொறி இருக்கிறது. பூமியை மண்டலம் மண்டலமாகத் தட்டைத் தாளில் விரிக்கும் யு.டி.எம். முறையில் ஜி.பி.எஸ். தரும் ஆயத்தொலைவுகளில் தூரம் தரைத்தூரத்துக்குச் சமமல்ல. சென்னையில் 1 கிலோமீட்டர் தரைத்தூரம் யு.டி.எம்.மில் சுமார் 30 சென்டிமீட்டர் குறைவாக வரும். மதுரையில் சுமார் 80 சென்டிமீட்டர் கூடுதலாக வரும். டோட்டல் ஸ்டேஷன் தரைத்தூரத்தை அளக்கிறது. அளவுக்காரணியைக் கொடுக்காமல் இரண்டையும் சேர்த்தால், ஒரே கரை இரண்டு கரையாகத் தெரியும். போதாக்குறைக்கு 78 பாகைத் தீர்க்கக்கோடு மாநிலத்தை நறுக்கிக்கொண்டு போகிறது: மதுரை 44ஆம் மண்டலம், திண்டுக்கல் 43. இரண்டுக்கும் நடுவே ஏரி கிடைத்தால், ஒரு மண்டலத்தை வேலை முழுவதற்கும் என்று முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும்.

புள்ளிகள் அலுவலகத்துக்கு வருகின்றன. கோப்பில் வரிசை எண், நார்திங் (வடக்குத் தூரம்), ஈஸ்டிங் (கிழக்குத் தூரம்), மட்டம், குறியீடு. நார்திங்கையும் ஈஸ்டிங்கையும் மாற்றிப் படிக்கச் சொன்னால் ஏரி கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பிவிடும். கரை கிழக்கே இருக்க வேண்டியது வடக்கே போயிருந்தால் காரணம் இதுதான். அடுத்து, தரையல்லாத புள்ளிகளைப் பிரிக்க வேண்டும். மின்கம்பம், மரம், கிணற்றுச் சுவர், பாலத்தின் கைப்பிடிச் சுவரில் வைத்த பெஞ்ச் மார்க் எல்லாம் வரைபடத்துக்கு வேண்டும், பரப்புக்கு வேண்டாம். குறியீட்டை ஒழுங்காகப் போட்டிருந்தால் ஒரு வடிகட்டியில் முடியும். இல்லாவிட்டால் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதுதான். மட்டம் 0.000 என்று வந்த ஒரே ஒரு புள்ளி கணக்கில் ஒரு பெருங்கிணற்றைத் தோண்டிவிடும். நல்லவேளையாக அது கண்ணில் பட்டுவிடும். 60 சென்டிமீட்டர் மேடுதான் கண்ணுக்குத் தப்பும்.

பிறகு முக்கோணங்கள். புள்ளிகளை முக்கோணமாக இணைத்து, ஒவ்வொரு முக்கோணத்தையும் தட்டையான தளமாகக் கொள்வதுதான் டின் எனப்படும் பரப்பு. எந்த மூன்றை இணைப்பது என்பதற்கு ரஷ்யக் கணிதவியலாளர் போரிஸ் டெலோனே 1934இல் தந்த விதி பயன்படுகிறது: ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகள் வழியே வட்டம் போட்டால் அதற்குள் வேறு புள்ளி இருக்கக் கூடாது. ஒல்லியான முக்கோணங்களை இது இயன்றவரை தவிர்க்கும். 2,500 புள்ளிக்கு ஏறத்தாழ 5,000 முக்கோணம் வரும்.

இந்த விதிக்கு மட்டம் என்பதே தெரியாது. மேலிருந்து பார்த்த வரைபடத்தை மட்டும் வைத்து முடிவு செய்கிறது. சரியான சதுரக் கட்டத்தில் நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தில் விழும். எந்த மூலைவிட்டத்தைப் போட்டாலும் விதி மீறப்படாது, ஆகவே மென்பொருள் தன்னிச்சையாக ஒன்றைப் போடும். 20 மீட்டர் சதுரத்தின் மூலைகள் சுற்றிவர 10, 11, 10, 11 மீட்டர் என்று வையுங்கள். பத்துகளை இணைத்தால் நடுவே வாய்க்கால். பதினொன்றுகளை இணைத்தால் நடுவே வரப்பு. ஒரு சதுரத்திலேயே 133 கன மீட்டர் வித்தியாசம். ஒரே கோப்பை இரண்டு மென்பொருளில் ஓட்டி இரண்டு கொள்ளளவு வந்தால் திகைக்க வேண்டியதில்லை. முதலில் இதைப் பாருங்கள்.

மென்பொருளுக்கு நாம் சொல்ல வேண்டிய செய்தியைத் தாங்கி வருவது பிரேக்லைன். இந்தப் புள்ளியும் அடுத்த புள்ளியும் ஒரே மடிப்பில் இருக்கின்றன, எந்த முக்கோணமும் இந்தக் கோட்டைக் குறுக்கே தாண்டக் கூடாது என்ற கட்டளை அது. கரையின் வளைவில் இதைப் போடாவிட்டால் இந்த வரிசையின் உச்சிப்புள்ளி அடுத்த வரிசையின் சரிவுப்புள்ளியோடு இணைந்துகொள்ளும். பரப்பை முப்பரிமாணத்தில் திருப்பிப் பார்த்தால் கரை ரம்பப் பல்லாக இருக்கும். அந்தப் பல்லிடுக்கு வழியாகக் கணக்கில் நீர் வெளியே ஒழுகும். நிறைமட்டக் கான்டூர், அதாவது நிறைமட்டத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு, கரையைத் துளைத்துக்கொண்டு வயலுக்குள் போயிருக்கும். கரையின் நான்கு கோடுகளையும் போட்டதும் அது சீராகிவிடும். களத்தில் கோட்டுக்கு ஒரு குறியீடும் வரிசையும் கொடுத்து எடுத்திருந்தால் இந்த வேலை அரைமணி நேரம். சிதறலாக எடுத்திருந்தால் ஒரு முழுநாள், அதுவும் ஊகம்.

பிரேக்லைனிலும் இடறல்கள் உண்டு. இரண்டு கோடுகள் வெவ்வேறு மட்டத்தில் குறுக்கிட்டால் எதை ஏற்பது என்று மென்பொருள் குழம்பும், அல்லது ஒன்றைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். மதகுக் குழாய் கரைக்கு அடியில் போகிறது. அதன் அடிமட்டத்தைப் பரப்பில் சேர்த்தால் கரை பிளந்துவிடும். கலங்கல் சுவர் செங்குத்தானது. ஓரிடத்துக்கு இரண்டு மட்டம் தர டின்னால் முடியாது. சுவரின் அடிக்கோட்டை 2 சென்டிமீட்டர் தள்ளிப் போட்டுவிடுவதே வழக்கம்.

எல்லையும் அப்படித்தான். கரை பிறைபோல் வளைந்திருக்கும். மென்பொருளோ வெளிப்புறப் புள்ளிகளைச் சுற்றி நேர்க்கோட்டில் மூடும். வெளிவளைவிலும் வரத்துக் கால்வாய் வாயிலும் நீள நீளமான ஒல்லி முக்கோணங்கள் தொங்கும். அங்கே யாரும் அளக்கவில்லை, ஆனாலும் மட்டம் இருக்கும். அளந்த பகுதியின் ஓரத்தை எல்லையாக வரைந்து கொடுப்பது சரியான தீர்வு. பக்கநீளம் 50 மீட்டருக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு வைப்பது அடுத்தபடி.

டின்னைக் கட்டமாக மாற்றிக் கேட்பார்கள். 20 மீட்டருக்கு ஒரு புள்ளி எடுத்துவிட்டு 1 மீட்டர் கட்டமாகக் கொடுத்தால் படம் வழவழப்பாக இருக்கும், தகவல் ஒரு துளியும் கூடியிருக்காது. 10 மீட்டர் போதும். புள்ளிகளிலிருந்து நேரடியாகக் கட்டம் போடும் தூரவீதச் சராசரி முறையை ஏரிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்: ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வட்டம் வட்டமாகக் குழி விழும், அளந்த தாழ்ந்த மட்டத்துக்குக் கீழே ஒருபோதும் போகாது, பிரேக்லைனை மதிக்காது. கான்டூர் கோடுகளை வளைத்து அழகுபடுத்துவதைப் பரப்பளவு எடுத்து முடித்த பிறகு, அச்சுப்படிக்கு மட்டும் செய்யுங்கள். பழைய கான்டூர் வரைபடத்தை மட்டுமே வைத்து டின் கட்டினால் வேறொரு நோய் வரும். முக்கோணத்தின் மூன்று முனையும் ஒரே கான்டூரில் விழுந்து, வளைவுகளில் தரை படிக்கட்டாகிவிடும்.

நடுவே நீர் தேங்கியிருந்தால் படகும் எக்கோ சவுண்டரும். ஒலியை அனுப்பி, அது திரும்பும் நேரத்தால் ஆழம் அளக்கும் இந்தக் கருவி ஒலியின் வேகத்தை நொடிக்கு 1,500 மீட்டர் என்று வைத்திருக்கும்; 30 பாகை வெப்பத்தில் நன்னீரில் அது 1,509. 3 மீட்டர் ஆழத்தில் இது 2 சென்டிமீட்டர்கூட இல்லை. ஒலிமுனை நீருக்குள் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்பதைச் சேர்க்க மறந்தால் 20, 30 சென்டிமீட்டர் போய்விடும். 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி குழம்பு வண்டலின் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும்; வண்டலுக்கு அடியில் கெட்டித்தரை எங்கே என்று தெரிய 24 முதல் 33 கிலோஹெர்ட்ஸ் வேண்டும். ஆழத்தை மட்டமாக மாற்றுவது அன்றைய நீர்ப்பரப்பின் மட்டம். அதைக் காலையிலும் மாலையிலும் எடுக்க வேண்டும்.

ட்ரோன் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். மொட்டைத் தரையில் அருமையாக வேலை செய்யும். சீமைக்கருவேலம் மூடிய ஏரியில் அதன் படங்கள் காட்டுவது முள்மரத்தின் தலையை, தரையை அல்ல. லேசர் ஒளியால் அளக்கும் லைடார் இடுக்குகளில் தரையைத் தொடும், செலவும் அதற்கேற்ப. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 2000ஆம் ஆண்டு விண்கல ரேடார் தரவு, மூன்று மீட்டர் ஆழ ஏரிக்கு எந்த வகையிலும் உதவாது. அதற்கு நிர்ணயித்த துல்லிய வரம்பே 16 மீட்டர்.

கட்டி முடித்த மாதிரியைச் சோதிக்க, களத்திலேயே 20, 30 புள்ளிகளைத் தனியாக எடுத்து மாதிரியில் சேர்க்காமல் வைத்திருக்க வேண்டும். அவற்றின் மட்டத்தை மாதிரி சொல்லும் மட்டத்தோடு ஒப்பிடுங்கள். எல்லா வேறுபாடும் ஒரே குறியோடு இருந்தால் பெஞ்ச் மார்க்கையோ கோலையோ சந்தேகப்படலாம். ஒரு மூலையில் மட்டும் இருந்தால் அந்த நிலையத்தைப் பாருங்கள். இன்னொரு சோதனை நிறைமட்டக் கான்டூர். அது கலங்கல் உச்சியைத் தொட்டு, கரையின் உட்புறமாகவே ஓடி, முன்கரையை (கரைக்கு எதிரே நீர் பரவும் தாழ்சரிவான ஓரம்) சுற்றி மூட வேண்டும். முன்கரையின் சரிவு 500க்கு 1 என்றால் மட்டத்தில் 10 சென்டிமீட்டர் தவறு கான்டூரைத் தரையில் 50 மீட்டர் நகர்த்தும். அந்த 50 மீட்டரில் யாருடைய நிலமோ, யாருடைய வீடோ இருக்கிறது. ஆக்கிரமிப்பு வழக்குக்குப் போகும் வரைபடமென்றால் முன்கரையில் புள்ளிகளை நெருக்கி, மட்டத்தை லெவலாலேயே எடுப்பதில் தயக்கமே கூடாது.

கொள்ளளவுக் கணக்கு இதன்பின் எளிது. குறிப்பிட்ட நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள ஒவ்வொரு முக்கோணத்தின் பரப்பையும் அதன் மூன்று முனைகளின் சராசரி ஆழத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும். நீர்மட்டம் வெட்டும் முக்கோணங்களை மென்பொருள் துண்டாக்கிக்கொள்ளும். மதகின் வாய்மட்டத்திலிருந்து நிறைமட்டம் வரை 10 சென்டிமீட்டர் படிகளில் எடுத்து, கான்டூர் பரப்பளவுகளை வைத்து ஒருமுறை கையாலும் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரு சதவீதத்துக்குள் நிற்கவில்லை என்றால் எல்லைக்கோட்டில் ஏதோ இருக்கிறது. மதகின் வாய்க்குக் கீழே நிற்கும் நீர் பாசனத்துக்கு வராது. அதைத் தனி வரியாகக் காட்ட வேண்டும்.

தூர்வாரும் வேலைக்கு இதே மாதிரி இரண்டு முறை வேண்டும், முன்னும் பின்னும். இரண்டு பரப்புகளுக்கும் இடைப்பட்ட கனஅளவுக்குத்தான் பணம். இரண்டு அளவையும் ஒரே பெஞ்ச் மார்க்கிலிருந்து, ஒரே எல்லைக்குள், ஒரே அடர்த்தியில் இருக்க வேண்டும். முதல் அளவையில் ஈர வண்டலில் கோல் 5 சென்டிமீட்டர் இறங்கியிருந்து, இரண்டாவதில் கெட்டித்தரையில் நின்றிருந்தால், நம் 100 ஹெக்டேர் ஏரியில் 50,000 கன மீட்டர் மண் வெட்டியும் கணக்கில் வராது. ஒப்பந்தக்காரர் சண்டைக்கு வருவார், நியாயமும் அவர் பக்கம் இருக்கும். லாரிக் கணக்கோடு ஒப்பிடும்போது வெட்டிய மண் உதிர்ந்து கால் பங்கு வரைகூட உப்பியிருக்கும் என்பதைக் கழித்துக்கொள்ள வேண்டும். முன்னளவையின் மூலக்கோப்பு, கோல் உயரங்களோடும் பெஞ்ச் மார்க் குறிப்போடும், இரு தரப்பும் கையெழுத்திட்ட படியாக வேலை தொடங்கும் முன்பே இருவரிடமும் இருக்கட்டும். வெட்டி முடித்த பிறகு பழைய தரையைத் திரும்ப அளக்க முடியாது.